இருநூற்றுப் பன்னிரண்டு தடவை குலாம் காதர்

போன வருஷம் ஷஃபான் மாதத்து ஓதுதலில் சுஹானாவுடைய அத்தாவின் பெயர் வாசிக்கப்படவில்லை. அவர் மௌத்தாகி அப்போதுதான் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நோன்பு மாதம் பிறப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால அஸர் தொழுகை முடிந்த கையோடு, சூராவ் என்று சொல்லும் அந்தச் சின்னத் தொழுகைக் கூடத்தில் எல்லாரும் கூடி உட்காருவார்கள். வீட்டுக்கு வீடு தங்கள் இறந்தவர்களின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி முன்கூட்டியே கொடுத்திருப்பார்கள். தொழவைக்கும் ஹஜ்ரத் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். கடைசியில் எல்லாருக்குமாகச் சேர்த்து ஃபாத்திஹா ஓதுவார்கள். பிறகு இப்ராஹிம் பாய் சாப்பாட்டுக் கடையிலிருந்து சோறும் கறியுமாக நாசி கண்டார் வரும். ஜார்ஜ் டவுனில் இதைவிடப் பெரிய பள்ளிகள் இருக்கின்றன, பெரிய கூட்டங்களும் கூடுகின்றன. ஆனால் தன் வீட்டு ஆளின் பெயர் நாலு பேர் காதில் விழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தலையை எண்ணிக்கொண்டா இருப்பார்கள்?

பெயர் விட்டுப்போனதற்குக் காரணம் சுஹானாவின் அம்மா ஹபீபா பீவி. அப்படித்தான் ஹபீபா பீவி நினைத்தார். முப்பத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் கணவரின் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. வீட்டில் 'அவுக', வெளியில் 'சுஹானா அத்தா'. கிளினிக்கில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால் கைப்பையைத் திறந்து அடையாளக் கார்டை நீட்டுவார். கார்டு இல்லாத நாளில் மகளைப் பார்ப்பார். மகளும் இல்லாவிட்டால் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுவார். அந்த மனிதரின் பெயரை நானும் இப்போது சொல்லப்போவதில்லை. ஹபீபா பீவியை முந்திக்கொண்டு சொல்ல நான் யார்?

போன வருஷம் பெயர் கொடுக்கப் போன அன்று சுஹானாவுக்கு வேலை நாள். ஹபீபா பீவி தனியாகக் கடைக்குப் போய், பகல் சாப்பாட்டு நெரிசலில் நின்று, "பாய், நம்ம வீட்டு ஆளு பேரையும் சேத்துக்கிருங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒரு கையில் கறிக் கரண்டியும் மறு கையில் தட்டுமாக நின்ற இப்ராஹிம் பாய், "சரிக்கா, போட்டாச்சுன்னு வச்சுக்கிருங்க" என்று தலையாட்டியிருக்கிறார். அவ்வளவுதான். ஓதுதல் அன்று மாடியில் பெண்கள் பகுதியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹபீபா பீவி, கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டுவிட்டு, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தார். யாரையும் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது மட்டும் ஒன்று சொன்னார்.

"என் வாயால சொல்லியிருந்தா எழுதியிருப்பாகல்ல."

சுஹானாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அடுத்த வருஷம் யார் பெயரும் விடுபடாமல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சொன்னாள். சொன்னவள் சும்மா இருக்கும் ஆளும் இல்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவள் பத்து வருஷமாக எஞ்சினியர். சிப்புகளைச் சோதிக்கும் இயந்திரங்களுக்குள் ஓடும் புரோகிராம்களை எழுதுவாள், எல்லாம் சி என்ற கணினி மொழியில். அந்தப் பழைய மொழியின் மேல் அவளுக்கு ஒரு பயபக்தி. முதல் வருஷம் படிக்கும்போதே அது பிடித்துக்கொண்டது. சி மொழியில் ஒரு பெயர் என்பது நினைவகத்தில் வரிசையாக நிற்கும் எழுத்துகள். அது எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு முகவரி உண்டு. எங்கே முடிகிறது என்று சொல்ல எதுவும் கிடையாது, கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் நிற்பதைத் தவிர. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு பூஜ்யத்தை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது என்று அறிந்த அன்று, மற்ற பிள்ளைகள் கேன்டீனுக்குப் போக, இவள் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். பேய் பிடித்தவள் மாதிரி என்று தோழிகள் கேலி செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தொழிற்சாலை ஏலத்தில் தள்ளிய, எழுத்துகள் ஒளிரும் பழைய மின்பலகை ஒன்றை அவள் கேட்டு வாங்கி வந்தாள். அதை மாடியில் பெண்கள் பகுதியில் மாட்டினார்கள், அங்கே ஒலிபெருக்கி எப்போதும் கரகரக்கும் என்பதால். கீழே ஹஜ்ரத் முன்னால் ஒரு சின்னத் திரை. இப்ராஹிம் பாய் கடையில் கல்லாவில் உட்காரும் ஷாஹிரா சீட்டுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்வாள், பெயர்கள் சேர்ந்துகொண்டே போகும், ஓதும் அன்று வரிசையாக வரும். இதெல்லாம் எக்செல்லில் போட்டால் போதாதா என்று ஷாஹிரா கேட்டாள். போதும்தான். ஆனால் அந்தப் பலகைக்கு சி மட்டும்தான் புரியும், சுஹானாவுக்கும் மனசு அதில்தான் படியும். இரண்டும் பொருத்தமான ஜோடி.

இப்போது அவள் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அவள் கையாளும் சொற்கள் எல்லாம் மாறாத சொற்கள். 'சரி', 'தவறு', 'கதவை மூடு' என்று இயந்திரத்துக்குள் ஒரே தடவை பொறித்துவிட்டால் அவை காலத்துக்கும் அங்கேயேதான் இருக்கும். அவற்றை நகல் எடுக்கத் தேவையே இல்லை, முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். நகல் எடுப்பது அங்கே விதிமுறைப்படி கூடவும் கூடாது. நகலுக்குப் புது இடம் கேட்டு வாங்க வேண்டும், இடம் தீர்ந்துபோனால் இயந்திரம் நின்றுவிடும். அதனால் ஒரு சொல்லுக்குப் புது இடம் பிடித்து, எழுத்து எழுத்தாக, பூஜ்யம் வரைக்கும் எடுத்து வைக்கும் ஸ்ட்ர்டப் என்ற கட்டளையை அவள் பத்து வருஷமாகத் தொட்டதில்லை. சூராவுக்கு எழுதிய புரோகிராமிலும் கை பழக்கப்பட்ட வழியிலேயே போனது. ஷாஹிரா தட்டும் பெயர் வந்து உட்கார ஓர் இடம் வைத்தாள். பெயர் வந்ததும் அந்த இடத்தின் முகவரியைப் பட்டியலில் எழுதினாள். அடுத்த பெயரும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும் என்பது அவள் புத்தியில் ஏறவில்லை.

சோதித்துப் பார்க்காமல் விட்டாளா என்றால், பார்த்தாள். சோதிப்பதுதானே அவள் தொழில்? பத்து வரிசைக்கும் பத்துப் பெயர் தட்ட வேண்டிய இடத்தில், எந்தப் பெயருக்காக இதெல்லாம் செய்தாளோ அந்த ஒரே பெயரை, அத்தாவின் பெயரை, பத்துத் தடவை தட்டினாள். பலகையில் பத்து வரிசையிலும் அத்தா ஒளிர்ந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலகை அப்படித்தான் காட்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

சீட்டுகள் வந்தன. முதல் பெயராக அத்தாவின் பெயரை சுஹானாவே தட்டினாள். மற்றதெல்லாம் ஷாஹிரா. ஒவ்வொரு பெயருக்கும் எண்ணிக்கை ஒன்று ஏறும், அதைப் பார்த்து இப்ராஹிம் பாய்க்கு ஒரே குஷி. வெள்ளிக்கிழமை முடிக்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டு. முடித்த கையோடு பாய் சீட்டுகளையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு போனார். நபியின் பெயரும் இறைவனின் பெயரும் கலந்திருக்கிற காகிதங்களைக் குப்பையில் போடலாமா? கடைக்குப் பின்னால் ஒரு தகர டின்னில் இட்டு எரித்து, சாம்பலை வெல்ட் கீ படகுத்துறைப் பக்கம் கொண்டுபோய்க் கடலில் கரைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சூராவ் நிறைந்துவிட்டது. மாடியில் ஹபீபா பீவி பலகைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் இடம் பிடித்து, மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மொத பேரே அத்தாதாம்மா," என்றாள் சுஹானா, அம்மாவின் காதோடு.

"தெரியும்லா. இதோட ஏழு தடவ சொல்லிட்ட."

கீழே யாசீன் அத்தியாயம் ஓதி முடிந்தது. பலகை ஒளிர்ந்தது. ஹஜ்ரத் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பெயரை வாசித்தார்.

"குலாம் காதர்."

ஹபீபா பீவி திரும்பி மகளைப் பார்த்தார்.

"குலாம் காதர்," என்றார் ஹஜ்ரத் மறுபடியும். மூன்றாவது தடவையும் அதையே வாசித்துவிட்டு நிறுத்தினார். "என்ன பாய், ஒரே பேரா வருதே?"

இப்ராஹிம் பாய் ஓடிவந்து பொத்தானை அழுத்தினார். பத்து வரிசை நகர்ந்து அடுத்த பத்து வந்தது. பத்திலும் குலாம் காதர். மறுபடி அழுத்தினார். மறுபடியும் குலாம் காதர். மாடியில் பலகை முழுக்க, மேலிருந்து கீழ் வரைக்கும், அந்த ஒரே மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

சுஹானாவுக்கு ஒரு நொடிதான் பிடித்தது. எந்த வரி, எந்தச் சொல் விட்டுப்போனது என்பதெல்லாம் கண்முன் வந்து நின்றது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, ஆண்கள் பகுதியை மறைக்கும் திரைச்சீலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, சேமித்து வைத்த பட்டியலைத் திறந்தாள். அங்கேயும் இருநூற்றுப் பன்னிரண்டு குலாம் காதர். அத்தா இல்லை. அவளே தன் விரலால் தட்டிய முதல் பெயர், எங்கேயும் இல்லை.

"பாய்," என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "ஷாஹிரா மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது. சீட்டெல்லாம் எங்க?"

"சீட்டா? எரிச்சாச்சேம்மா. நீதானே எல்லாம் மெஷின்ல இருக்குன்னு சொன்ன?"

"மெஷின்ல ஒரு பேருதான் இருக்கு."

"எண்ணிக்க இருநூத்திப் பன்னெண்டு காட்டிச்சே!"

இதை எப்படிச் சொல்வது? அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாய், உங்க கடையில ஒரே ஒரு தட்டுன்னு வச்சுக்குங்க. ஒவ்வொருத்தருக்கும் சோறு அதே தட்டுலதான் வைக்கிறீங்க. அடுத்தவர் வந்ததும் மொத சோத்தக் கொட்டிட்டு அதுலயே புதுசா வைக்கிறீங்க. நான் என்ன செஞ்சேன்னா, 'உங்க சோறு அந்தத் தட்டுல இருக்கு'ன்னு இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் சீட்டு எழுதிக் குடுத்திருக்கேன். எல்லாரும் ஒண்ணா வந்து பாத்தா, கடைசியா வச்ச சோறுதான் இருக்கும். தனித்தனியா தட்டு எடுத்து வைக்க மறந்துட்டேன்."

இப்ராஹிம் பாய்க்கு நாற்பது வருஷக் கடை அனுபவம். சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, அதையும் கெடுத்தாச்சு என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். அவர் கோபத்தில் ஒரு பிழையும் இல்லை. "அது யாருப்பா குலாம் காதர்?" என்று இன்னொருவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவர் இல்லை. யாருக்கும் சொந்தமில்லை.

பின் வரிசையில் ஸுல்கிஃப்லி எழுந்து நின்றார். இறந்தவர்களை அடக்கும் மையவாடியில் கபர் தோண்டிப் புல் செதுக்கிப் பார்த்துக்கொள்கிறவர். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"நாந்தான் குடுத்தேன்," என்றார். "அந்த வடக்கு மூலையில, கீழ்க்கோடியில ஒரு கபர் இருக்கு. தலமாட்டு மீஸான் கல்லுல குலாம் காதர்னு மட்டும் இருக்கு. இன்னார் மகன்னுகூட இல்ல. துறமுகத்துல மூட்ட தூக்குன ஆளுன்னு முன்னால பாத்துக்கிட்டவர் சொன்னாரு. பதினேழு வருசமாப் புல்லு செதுக்குறேன், ஒரு ஆளு வந்து நின்னதில்ல. வெள்ளிக்கிழம ஷாஹிரா புள்ள முடிக்கிற நேரத்துல போயி, எல்லாருக்கும் கடைசியா ஒரு ஓரத்துல இந்தப் பேரையும் போட்டுக்கம்மான்னு சொன்னேன்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவ வந்தாப் போதும்னுதான் நெனச்சேன்."

கோபப்பட்டுக்கொண்டிருந்த ஆளும் வாயை மூடிக்கொண்டார். எல்லாரும் ஹஜ்ரத் முன்னால் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார்கள். தங்கள் அத்தாக்களும் அம்மாக்களும் இருக்க வேண்டிய இடம் அத்தனையிலும், யாருமே கேட்டு வராத ஒரு மூட்டை தூக்கி உட்கார்ந்திருந்தார்.

"சுபஹானல்லாஹ்," என்றார் ஹஜ்ரத் மெதுவாக.

சுஹானா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மலைத்துப்போயிருந்தாள். ஏன் இப்படி வந்தது என்று அந்தக் கூட்டத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கடைசியாக வந்த பெயர் தங்கும், அவ்வளவே. அதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. காகிதத்தில் நாலு கோடு போட்டு யாருக்கும் விளக்கிவிடுவாள். ஆனாலும் கை முழுக்க மயிர் சிலிர்த்து நின்றது. காரணம் தெரிந்தால் ஆச்சரியம் குறைந்துபோகும் என்று சொல்கிறார்களே, அது சுத்தப் பொய் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது.

ஹஜ்ரத் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல இவருக்கு ஓதுவோம். இன்னிக்கு இவருக்கு நாம எல்லாரும் வாரிசு," என்றார். நூற்றைம்பது பேர் ஒரே குரலில், முன்பின் தெரியாத அந்த ஒருவருக்காக, ஃபாத்திஹா ஓதினார்கள். ஸுல்கிஃப்லி நின்றபடியே ஓதினார்.

அந்த ஓதல் முடிவதற்குள் சுஹானா பிழையைத் திருத்திவிட்டாள். ஒரு வரி, அதில் ஒரு சொல். பெயர் வந்ததும் அதற்கென்று புது இடம் பிடி, எழுத்து எழுத்தாக அங்கே கொண்டுபோய் வை, பூஜ்யத்தையும் வை, பிறகு அந்தப் புது இடத்தின் முகவரியை எழுது. இப்போது ஒவ்வொருவருக்கும் தனித் தட்டு. ஆனால் தட்டில் போடப் பெயர்கள் இல்லையே?

ஹஜ்ரத் அதற்கும் வழி சொன்னார். "சீட்டு எரிஞ்சு போச்சு, மெஷின்லயும் இல்ல. ஆனா பேரு அழிஞ்சா போச்சு? ஒங்ககிட்டதானே இருக்கு? ஒவ்வொருத்தரா எந்திரிச்சு ஒங்க ஆளுக பேர ஒங்க வாயாலயே சொல்லுங்க. அந்தப் புள்ள மறுபடி ஏத்தட்டும். மேல உள்ளவங்களும் அங்கருந்தே சொல்லலாம், நான் கேட்டு வாசிக்கிறேன்."

ஷாஹிரா மாடியிலிருந்து இறங்கி வந்து விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே முதலில் குலாம் காதரைத் தட்டினாள்.

இப்ராஹிம் பாய் முதலில் எழுந்தார். தன் அத்தா பெயரையும் பாட்டனார் பெயரையும் சொன்னார். மூன்றாவதாக ஒரு பெயரை மெதுவாகச் சொன்னார். அது இரண்டு வயதில் போன அவருடைய மகன் என்று பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். அடுத்தவர் எழுந்தார். அதற்கடுத்தவர். சீட்டில் ஒன்றிரண்டு பெயர் எழுதிக் கொடுத்தவர்களெல்லாம் இப்போது நாலு, ஐந்து என்று சொன்னார்கள். சொல்லச் சொல்ல இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஹாஃபிஸ் என்ற கல்லூரிப் பையன் தன்னோடு படித்து மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த நண்பன் பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஹஜ்ரத் போன வருஷம் வரைக்கும் வேகமாக வாசித்துத் தள்ளிய அதே பெயர்கள்தான். அவை ஒவ்வொன்றும் ஒரு வாயிலிருந்து வந்தபோது, அந்த வாய் நடுங்கியபோது, கேட்டவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் அசைய முடியவில்லை.

சுஹானா மாடிக்கு ஏறிப் போனாள். பலகையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று மற்றொன்றைப் போல இல்லை. கீழே ஆண்கள் முறை முடிந்து மேலே வந்தது. அந்த சூராவில் பெண்கள் குரல் கீழே கேட்டது அதுதான் முதல் தடவை. ஒருத்தி கூச்சப்பட்டு முணுமுணுத்தாள், பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்ததும் உரக்கச் சொன்னாள். வரிசை நகர்ந்து நகர்ந்து ஹபீபா பீவியிடம் வந்து நின்றது.

ஹபீபா பீவி தன் அத்தா அம்மா பெயரைச் சொன்னார். அக்கா பெயரைச் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் வாய் திறந்தது, மூடியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். சுற்றியிருந்த பெண்களுக்கு விஷயம் தெரியும். அவர்களில் பாதிப் பேர் அதே ரகம்தான்.

"நான் சொல்றேம்மா," என்று சுஹானா எழப்போனாள். பெயர் வந்துவிட்டால் போதும், அதுதானே வேண்டும்? ஆனால் ஹபீபா பீவி மகளின் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இரு," என்றார். "போன வருசமே சொல்லியிருக்கணும்."

கீழே ஹஜ்ரத் அவசரப்படுத்தவில்லை. ஷாஹிராவின் விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன. வெளியே ஒரு பஸ் போய் ஓய்ந்தது.

"திவான்," என்றார் ஹபீபா பீவி. அங்கேயே திக்கி நின்றார். கன்னம் சிவந்துவிட்டது, அறுபத்தொரு வயதில் புதுப்பெண் மாதிரி. மறுபடி ஆரம்பித்தார். "திவான் மைதீன். பின் சேகனா." சேகனாவின் மகன் திவான் மைதீன்.

சுஹானாவுக்கு அந்தப் பெயர் புதிதா? தன் அடையாளக் கார்டில் தன் பெயருக்குப் பின்னால் தினம் பார்க்கிற பெயர். ஆஸ்பத்திரிப் படிவங்களில் எழுதிய பெயர், பத்துத் தடவை தட்டிப் பலகையில் ஒளிரவிட்ட பெயர். ஆனாலும் அந்தக் குரலில் அதைக் கேட்டதும் அவள் அப்படியே உறைந்துபோனாள். இத்தனை வருஷமும் அம்மா அதைத் தனக்குள்ளே ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் வைத்திருந்திருக்கிறார். எங்கே வைத்திருந்தார்? அம்மாவுக்குள் அப்படி ஓர் இடம் இருப்பதே மகளுக்குத் தெரியாமல் போயிற்று.

கீழேயிருந்து ஹஜ்ரத்தின் குரல் வந்தது. "திவான் மைதீன் பின் சேகனா." பலகையில் அந்தப் பெயர் ஏறியது. ஹபீபா பீவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். அடுத்த பெயர் ஏறியது. அத்தாவின் பெயர் அழியவில்லை, ஒரு வரிசை மேலே நகர்ந்து தன் இடத்திலேயே நின்றது.

எல்லாம் முடிந்தபோது முந்நூற்று நாற்பத்தொன்று. சோறு ஆறிப்போயிருந்தது, அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஸுல்கிஃப்லிக்கு இப்ராஹிம் பாய் தன் கையால் பரிமாறி, வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு இரண்டாவது துண்டு மீனும் வைத்தார். நோன்புக்கு முன்னால் மையவாடியின் வடக்கு மூலைக்கு நாலு பேராகப் போய் வருவதாக அங்கேயே பேச்சாயிற்று.

வீட்டுக்குப் போகும் வழியில், கடலோரச் சாலையில், சுஹானா வண்டியை ஓட்ட, ஹபீபா பீவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாலத்துக்குப் பிரியும் இடத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"கலியாணமான புதுசுல ஒரு நா கேட்டாக. எம் பேர ஒரு தடவ சொல்லேன், ஒங் கொரல்ல எப்டி இருக்குன்னு பாக்கணும்னாக. நான் சிரிச்சுட்டு அடுப்படிக்கு ஓடிட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

சுஹானா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கு கலங்கித் தெரிந்தது.

"இன்னிக்கு எங் கொரலக் கேட்டிருப்பாகல்ல?"

"கேட்டிருப்பாகம்மா."

ஹபீபா பீவி தலையாட்டினார். வண்டிகள் நகரத் தொடங்கின. கொஞ்ச தூரம் போனதும், மகளுக்காக இல்லை, யாருக்காகவும் இல்லை என்பது போலக் கடல் பக்கம் பார்த்தபடியே, அவர் இன்னொரு தடவை சொன்னார்.

"திவான் மைதீன்."

இந்தத் தடவை திக்கவில்லை.